தறிக்குழியும் முதுகெலும்பும்: காஞ்சிப் பட்டு நெசவாளரின் தசை–எலும்பு வலிகளுக்கு மருத்துவம் செய்யும் முறை

காஞ்சிபுரம் நகரை ஒட்டிய ஏனாத்தூரில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. சில கிலோமீட்டர் தொலைவில் பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும், வாலாஜாபாத் பக்கம் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டையிலும் பட்டுத்தறிகள் இயங்குகின்றன. தறியில் உட்காரும் உடலும் அவ்வுடலைச் சோதிக்கும் மருத்துவமும் இவ்வளவு அருகருகே இருந்தும், இரண்டும் சந்திக்கும் நேரம் பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவின் ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் நோயாளியின் பெயர், வயது, வலிக்கும் இடம் ஆகியவை சீட்டில் ஏறுகின்றன; தறி ஏறுவதில்லை.

நாம் இங்கு நிறுவ முயல்வது ஒன்றே. நெசவாளரின் வலிக்கு மருத்துவம் செய்பவர் தறியையும், சேலைக் கணக்கில் வரும் கூலியையும் நோயின் பகுதியாகவே கொள்ள வேண்டும். அவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் மருந்துச் சீட்டு பாதிச் சிகிச்சையே.

1. வரையறை

தசை–எலும்புத் தொகுதி என்பது எலும்பு, மூட்டு, குருத்தெலும்பு, தசை, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் இணைநார், உராய்வு குறைக்கும் பசைப்பை, இவற்றை இயக்கும் நரம்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தது. நரம்பைத் தனித் தொகுதியாகப் பாடநூல்கள் பிரித்துவைப்பது கற்பதற்கு வசதி. நோயாளியின் மணிக்கட்டில் அது தசைநாண்களோடு ஒரே சுரங்கத்தில் நெருங்கிக் கிடப்பதால் நாம் சேர்த்தே ஆள்கிறோம்.

காயம் இரு வகைப்படும். ஒரு நொடியில், ஒரே விசையால், திசு தாங்கும் எல்லையைக் கடந்து நேர்வது உடன்காயம். வழுக்கி விழுந்து எலும்பு முறிவது அத்தகையது. தனித்தனியே எடுத்தால் எந்தத் தீங்கும் செய்யாத சிறு விசைகள், திசு தன்னைச் சரிசெய்துகொள்ளும் முன்பே மீண்டும் மீண்டும் விழுந்து சேர்வதால் உண்டாவது திரள்காயம். உடன்காயத்திற்குத் தேதி உண்டு. திரள்காயத்திற்குத் தேதி கிடையாது. ஆகவே “எப்போதிலிருந்து வலி?” என்று கேட்டால் நெசவாளர் தடுமாறுவார். அத்தடுமாற்றத்தை மருத்துவர் பொய்யென்றோ மிகையென்றோ எண்ணிவிடக் கூடாது; அதுவே நோயின் இயல்பு.

வலியின் வரையறை இன்னும் நுட்பமானது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979-இல் தந்து 2020-இல் திருத்திய வரையறை, திசுச் சேதம் உண்மையில் இருந்தாலும், இருப்பதுபோல் உணரப்பட்டாலும், வலியை ஓர் அனுபவமாகவே கொள்கிறது. இதனால் இரண்டு பயன்கள் உண்டு. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலிக்கிறது என்பவரை நம்ப முடிகிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலி இல்லாதவரை நோயாளி ஆக்காமல் விட முடிகிறது. நீண்ட நாள் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையடைந்து, சிறு தூண்டலையும் பெரிதாக வாசிக்கும் நிலை வருவதுண்டு. இதை வலிப்பெருக்கம் என்போம்.

2. தறி என்னும் பணியிடம்

குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில், குழியின் விளிம்பில் போட்ட பலகைமேல் உட்காருகிறார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை. கால்கள் குழிக்குள் இறங்கி மிதிகளின்மேல் நிற்கின்றன. மடிக்கு நேரே நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் படமரம். அதற்கப்பால் அச்சு பொருத்திய பலகை. அதற்கும் அப்பால் விறைத்து நீளும் பாவு. தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டைகளின் மாலையும். குழியின் ஈரப்பதம் பட்டிழை அறாமல் காக்கிறது. இழைக்கு நன்மை செய்யும் அதே ஈரம், வடகிழக்குப் பருவமழையில் குழிக்குள் நீர் ஊறும்போது காலுக்கும் மூட்டுக்கும் தொல்லையாகிறது.

ஒரு மிதி அழுந்தப் பாவு பிளந்து வாய் திறக்கிறது, நாடா ஓடுகிறது, அச்சுப் பலகை இழுத்து அடிக்கப்படுகிறது, மிதி மாறுகிறது. இந்நான்கும் சேர்ந்தது ஒரு சுழற்சி. 6 கஜச் சேலை ஒன்றில் இது பல்லாயிரம் முறை நிகழ்கிறது. புட்டா விழும் இடங்களில் ஜக்கார்டு மிதியும் சேர்கிறது. கொக்கிகளையும் அவற்றில் தொங்கும் எடைகளையும் மொத்தமாகத் தூக்குவதால் மற்ற மிதிகளைவிட அது கனமானது. பெரும்பாலும் ஒரே கால்தான் அதை அழுத்துகிறது.

காஞ்சிச் சேலைக்குப் பெயர் பெற்றுத் தந்த கோர்வை நெசவில் இன்னொரு சுமை உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். எனவே மூன்று நாடாக்கள். ஒவ்வோர் ஊடையிலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். ஒரு புறம் ஓர் உதவியாளர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை எறிந்து வாங்குகிறார். முதன்மை நெசவாளரின் உடல் நேர்கோட்டில் நில்லாமல், இழை பற்றியதா என்று பார்க்க இருபுறமும் சரிந்து சரிந்து மீள்கிறது. உதவியாளர் நாள் முழுதும் ஒரே பக்கமாகத் திரும்பியே இருக்கிறார். முந்தானை மாற்றும் பெட்னி வேலை வந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் புது நிறப் பாவோடு பிணைக்க வேண்டும். கை நின்ற இடத்தில் நிற்க, விரல் நுனி மட்டும் இயங்கும் வேலை அது.

வீட்டுப் பெண்களின் உழைப்பைத் தனியே சொல்ல வேண்டும். நாடாவுக்குள் வைக்கும் ஊடை இழைத் தாரைச் சுற்றுவதில் ஒரு கை ராட்டையைச் சுழற்ற, மறு கை இழையைப் பதமாக நழுவவிடுகிறது. அதோடு சமையல், துணி, தண்ணீர். பலர் தறியிலும் உட்காருகிறார்கள். “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால் “வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்று விடை வரும். மருத்துவர் அவ்விடையை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது.

3. வகுப்பு

வலிக்கும் உறுப்பை வைத்துப் பகுப்பது வழக்கம். நெசவாளரைப் பொறுத்தவரை, வலியை உண்டாக்கும் செயலை வைத்துப் பகுப்பதே சிகிச்சைக்கு உதவுகிறது என்பது எம் கருத்து. அவ்வாறு அமர்வு வலி, வீச்சு வலி, மிதி வலி, நுண்பணி வலி என நான்கு வகுப்புகள் பெறப்படும்.

அமர்வு வலியே இவற்றில் தலையாயது. சாய்மானமின்றி முன்வளைந்து அமரும்போது இடுப்பெலும்பு பின்னுக்குச் சரிந்து, கீழ்முதுகின் இயற்கையான உள்வளைவு தட்டையாகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டின் முன்பகுதி நசுங்க, பின்பகுதி இழுபடுகிறது. முதுகுத் தசைகள் தளராமல் இழுத்தபடியே இருக்கின்றன. சுவீடனின் நாக்கெம்சன் 1960-களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுவதாகக் கண்டார். 1999-இல் வில்கே குழுவினர் மீண்டும் அளந்தபோது, தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்தால் அவ்வளவு கூடுவதில்லை என்றும், முன்வளைந்தால் கூடுகிறது என்றும் தெரிந்தது. ஆகவே குற்றம் உட்காருவதில் மட்டும் இல்லை. வளைந்து, அசையாமல், சாய்மானமின்றி உட்காருவதில் இருக்கிறது. சிகிச்சைக்கு இவ்வேறுபாடு முக்கியம். உட்காருவதை நிறுத்த முடியாது. வளைவை மாற்ற முடியும்.

இவ்வகுப்பில் அடங்கும் இன்னொரு நோய் கவனிக்கப்படுவதே இல்லை. பிட்டத்தின் அடியில் உட்காருமெலும்பை மூடியிருக்கும் பசைப்பை, கடினப் பலகையில் நெடுநேரம் அழுந்தி வீங்கி வலிக்கும். ஆங்கில மருத்துவ நூல்கள் இதற்கு நெசவாளர் பிட்டம் என்றே பெயர் வைத்திருக்கின்றன. தொடையின் பின்புறம் வலி இறங்குவதால் இது நரம்பு அழுத்தம் என்று தவறாகக் கொள்ளப்பட்டு, ஸ்கேன் வரை போய்விடுகிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கி, உட்காருமெலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும். வலி அந்த ஒரே புள்ளியில் பிடிபடும்.

வீச்சு வலி தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றைச் சார்ந்தது. நாடா எறிவதும் பலகை அடிப்பதும் தோளின் சுழல்தசை நாண்களையும் முன்கைத் தசைநாண்களின் முளைப்பையும் தேய்க்கின்றன. கட்டைவிரல் பக்க மணிக்கட்டு நாண்களின் உறை தடிப்பதை 1895-இல் தெ குவெர்வேன் விவரித்தார். தார் சுற்றும் பெண்களிடம் இதைத் தேட வேண்டும். அவர்களுள் அண்மையில் பிள்ளை பெற்றவர் என்றால் குழந்தையைத் தூக்குவதும் சேர்ந்து வலியைக் கூட்டும்.

மிதி வலி முழங்கால், கணுக்கால், இடுப்பு மூட்டு ஆகியவற்றில் வரும். ஜக்கார்டு மிதியை ஒரே காலால் அழுத்துவோருக்கு அந்தப் பக்க இடுப்பு ஒவ்வொரு முறையும் உயர்ந்து தாழ்கிறது. இடுப்பெலும்பும் திரிகமும் சேரும் மூட்டில் வலி தங்குகிறது.

நுண்பணி வலி கழுத்து, தோள்பட்டையின் மேற்பகுதி, விரல்கள் ஆகியவற்றில் வரும். இங்கு ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 40 வயதை ஒட்டி அனைவருக்கும் கிட்டத்தில் பார்க்கும் திறன் குறைகிறது. மெல்லிய பட்டிழை அறுந்ததா, கரை பற்றியதா என்று பார்க்க நெசவாளர் தலையை முன்னே கொண்டுபோகிறார். தலை முன்னே போகப் போக, அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளின் சுமை பெருகுகிறது. கழுத்து வலி என்று வந்தவருக்குக் கழுத்துப் பட்டை கொடுத்து அனுப்புகிறோம். அவருக்கு வேண்டியது கண்ணாடி. அதிலும் மேலே தூரத்திற்கும் கீழே கிட்டத்திற்குமாக இரட்டைப் பார்வைக் கண்ணாடி தந்தால் அடிப்பகுதி வழியே அச்சைப் பார்க்க மோவாயை உயர்த்தி, கழுத்தைப் பின்னுக்கு வளைப்பார். வலி இடம் மாறுமே தவிரத் தீராது. கண்ணுக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அத்தூரத்துக்கென்றே ஒற்றைப் பார்வைக் கண்ணாடி தர வேண்டும்.

4. காரணங்கள்

சுமை, தாங்குதிறன், மீட்சி ஆகிய மூன்றின் கணக்கே திரள்காயம். சுமையின் கூறுகள் மேலே விளங்கின. தாங்குதிறன் வயது, உணவு, உறக்கம், தசை வலிமை ஆகியவற்றால் அமைவது, நோய்களால் குறைவது. நீரிழிவு உள்ளவருக்கு உறைதோள் அதிகம் வருகிறது. தைராய்டு குறைந்தவருக்கு மணிக்கட்டுச் சுரங்க நோய் அதிகம். தோள் இறுகியிருக்கிறது என்று வருபவருக்கு இரத்தச் சர்க்கரை பார்ப்பது தோள் சிகிச்சையின் முதல் படியாகும்.

மூன்றாவதான மீட்சியை முடிவு செய்வது மருத்துவம் அல்ல, கூலி. நெசவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்து கொடுத்த சேலைக்குக் கூலி. தறி நின்றால் வருமானம் நின்றது. கையில் முன்பணம் வாங்கியிருந்தால் கடனும் உண்டு. தீபாவளிக்கும் கல்யாண முகூர்த்தங்களுக்கும் முன் வேலை நெருக்கும்; திசு தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டிய இரவுகள் அப்போதுதான் குறைகின்றன. “மூன்று வாரம் ஓய்வு எடுங்கள்” என்று சொல்லும் மருத்துவர் மூன்று வாரக் கூலியைத் துறக்கச் சொல்கிறார். நோயாளி தலையாட்டிவிட்டுப் போய்த் தறியில் உட்காருவார். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போவார், அல்லது மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குவார். இதை நோயாளியின் ஒழுங்கீனம் என்று கருதுவதை நாம் ஏற்கவில்லை. நிறைவேற்ற முடியாத மருத்துவ அறிவுரை, தவறான மருத்துவ அறிவுரை.

5. நோய் கணிக்கும் படிகள்

முதற்படி வினவல். இத்தாலியின் பெர்னார்தினோ ரமாத்சினி 1700-இல் மொதேனாவில் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், பழைய மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்ட வினாக்களோடு ‘என்ன தொழில் செய்கிறீர்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். அந்நூலின் பின்னைய பதிப்பில் நெசவாளர் நோய்களுக்கும் இடம் உண்டு. 300 ஆண்டுகள் கடந்தும் அந்த வினா நம் சீட்டுகளில் ஒற்றைச் சொல்லாகவே நிற்கிறது. ‘நெசவு’ என்று எழுதினால் போதாது. குழித்தறியா, மேடைத்தறியா, கோர்வையா, சாதாவா, எந்தக் கால் ஜக்கார்டை மிதிக்கிறது, நாளில் எத்தனை மணி நேரம், இடையில் எழுந்திருப்பது உண்டா, வேலை நெருக்கத்தில் வலி கூடுகிறதா. இவ்வளவும் கேட்க இரண்டு நிமிடம் ஆகும். உடலின் பகுதிகளை வரைந்து, வலி எங்கெங்கே என்று குறிக்கச் சொல்லும் நார்டிக் வினாநிரல் 1987-இல் வந்தது. அதைத் தமிழில் அச்சிட்டுக் காத்திருப்போரிடமே கொடுத்துவிடலாம்.

இரண்டாம் படி காணல். நோயாளியை நாற்காலியில் வைத்துச் சோதிப்பதோடு நிறுத்தாமல், சுவரோரம் ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்காரவைத்து, “தறியில உக்காந்து நெய்யிற மாதிரி செஞ்சு காட்டுங்க” என்று கேட்க வேண்டும். கேட்டவுடன் கூச்சப்படுவார்கள், சில நொடியில் உடலுக்குப் பழகிய தாளம் வந்துவிடும். வலக்கை இழுக்க, இடக்கை பலகையைப் பற்ற, வலத்தோள் காதை நோக்கி எழும்புவது தெரியும். ஒரு முழங்கால் மட்டும் தாழ்ந்தெழும். சட்டென்று ஒரு கணத்தில் கை தயங்கும், முகம் சுளியும். எந்த அசைவில் தயங்கியதோ அங்கே நோய் இருக்கிறது. எம் கணிப்பில், பல சோதனைகளைவிட இதன் மதிப்பு பெரிது.

மூன்றாம் படி தொடலும் அசைத்தலும். நீட்டிய காலை உயர்த்திப் பார்த்தல், அனிச்சை, தொடுவுணர்வு, பெருவிரலின் வலிமை ஆகிய வழக்கமான சோதனைகளை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நான்காம் படி அபாயக் குறிகளைத் தேடல். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல், அல்லது சிறுநீர் வராது அடைத்தல். இரு கால் இடுக்கில் மரமரப்பு. கால் வலுவிழந்துகொண்டே வருதல். காய்ச்சல், எடை குறைதல், இரவில் படுத்தாலும் தணியாத வலி. முன்பு புற்றுநோய் வந்தவர். நீண்டநாள் ஸ்டீராய்டு உண்டவர். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் முதுகுவலி. முதல் மூன்றும் அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை. நம் நாட்டில் இப்பட்டியலில் முதுகெலும்புக் காசநோயை ஒருபோதும் விடக் கூடாது. கூட்டமான வீடு, காற்றோட்டமில்லாத தறிக்கூடம், மெலிந்த உடல் ஆகியவை சேர்ந்திருக்கும்போது, மாதக்கணக்கில் நீளும் முதுகுவலியை நெசவின் தலையில் கட்டிவிடுவது பெரும்பிழை. முதுகெலும்பில் தட்டிப் பார்த்து வலிக்கும் ஒற்றை முள்ளெலும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிய காலத்தில் கண்டால் இது மருந்தால் தீரும் நோய். பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமல் குறுகிய கால மருந்தே போதும் என்று காட்டிய ஆய்வுகளில் சென்னையில் நடந்தவை முதன்மையானவை.

அபாயக் குறி இல்லாத கீழ்முதுகுவலியில் 100-க்கு ஏறத்தாழ 90, இன்ன திசுவில் இன்ன சேதம் என்று சுட்ட முடியாத பொதுமுதுகுவலி. முதல் ஆறு வாரத்தில் இதற்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் தேவையில்லை. வலியே இல்லாதவரின் ஸ்கேனிலும் வயதோடு வட்டுத் தேய்வும் பிதுக்கமும் தெரியும். “எலும்பு தேஞ்சுபோச்சு” என்ற ஒரு சொல், நெசவாளரை அசைய அஞ்சுபவராக்கிவிடுகிறது. தலைநரைபோல வயதில் வருவது என்று விளக்கினால் அச்சம் குறையும்.

6. சிகிச்சையின் நிலைகள்

முதல் நிலை வலியைத் தணித்தல். இதில் மருந்துக்கு உள்ள இடம் சிறியது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், புதிதாய் வந்த கீழ்முதுகுவலியில் பாரசிட்டமால் மீட்சியை விரைவுபடுத்தவில்லை. டைக்ளோஃபினாக் போன்ற அழற்சி அடக்கிகள் ஓரளவு உதவும். ஆனால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். நீரிழிவும் அழுத்தமும் உள்ள நெசவாளர் ஆண்டுக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்குவது சிறுநீரகச் செயலிழப்பில் கொண்டுபோய் விடக்கூடும். வலிக்கென்று பிரித்துக் கட்டிக் கொடுக்கும் பெயரில்லாப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. நோயாளி உண்ணும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவரச் சொல்லிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நிலை சுமையைக் குறைத்தல், நிறுத்துதல் அன்று. படுக்கை ஓய்வு முதுகுவலியை நீட்டிக்கவே செய்கிறது என்பது இன்று ஐயமற்ற முடிவு. அறிவியலும் கூலியும் இங்கே ஒரே திசையில் செல்கின்றன. இயன்றவரை இயங்குவதே மருந்து. அரைமணிக்கு ஒருமுறை குழியிலிருந்து எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னுக்கு வளைந்து, சில அடி நடந்துவிட்டு மீண்டும் உட்காருவதை நாம் பரிந்துரைக்கிறோம். இதைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட வேலையோடு கட்டினால் நிலைக்கும்: தார் தீரும்போது, நெய்த துணியைப் படமரத்தில் சுற்றும்போது எழ வேண்டும். வலி மிகுந்த வாரங்களில் கோர்வை வேலையைத் தள்ளிவைத்து எளிய வேலை எடுக்க முடியுமா, மிதியில் கால் மாற்ற முடியுமா, உதவியாளர் மறுபக்கம் உட்கார முடியுமா என்று குடும்பத்தோடு பேச வேண்டும்.

மூன்றாம் நிலை தாங்குதிறனை வளர்த்தல். முதுகு நீட்டுதசைகள், வயிற்றுத் தசைகள், தோள்பட்டையைப் பின்னிழுக்கும் தசைகள், பிட்டத் தசைகள் ஆகியவற்றிற்குப் படிப்படியாகக் கூடும் பயிற்சி. நாண்நோய்களில் ஓய்வைவிட, மெல்ல மெல்லச் சுமையேற்றுவதே நாணை உறுதியாக்குகிறது. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். தறிவீட்டில் பயிற்சி கற்பிக்க இதைவிடப் பொருத்தமான வாயில் வேறில்லை.

சித்த மருத்துவத்தின் இடம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; காஞ்சிபுரம் நோயாளி அதையும் நாடிவிட்டே நம்மிடம் வருகிறார். யூகி முனிவர் வாத நோய்களை 80 ஆக வகுத்தார். கழுத்து வலியைச் சகன வாதமாகவும் உறைதோளைக் கும்ப வாதமாகவும் சித்த மருத்துவர்கள் இன்று அடையாளம் காண்கிறார்கள். தொக்கணம் என்னும் ஒன்பது வகைக் கைமுறைகளும் எண்ணெய் ஒற்றடமும் தசை இறுக்கத்தைத் தளர்த்தி, பயிற்சிக்கு உடலை ஆயத்தப்படுத்துகின்றன என்ற அளவில் நாம் அவற்றை வரவேற்கிறோம். வர்ம நூல்கள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 இடங்களைச் சொல்கின்றன. பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே அம்முறை இருக்க வேண்டும். அபாயக் குறி உள்ளவரின் முதுகெலும்பில் யாரும் கைவைக்கலாகாது.

7. உடன்காயங்கள்

நெசவாளர் விழுவதும், இருசக்கர வண்டியில் அடிபடுவதும் உண்டு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் துணை செய்கிறது. ஆனால் முறிவு என்றவுடன் இவ்வட்டாரத்தில் பலருடைய நினைவில் முதலில் வருவது ஆந்திரத்தின் புத்தூர் கட்டு. மூங்கில் பத்தை வைத்து, மூலிகைப் பற்றுப் போட்டுக் கட்டும் அம்முறையை மக்கள் நம்புவதற்குக் காரணம் உண்டு: செலவு குறைவு, அறுவை அச்சம் இல்லை. இடம் பெயராத எளிய முறிவுகள் அதில் கூடிவிடுவதும் உண்மை. அபாயம் எங்கே என்பதை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். கட்டு இறுகினால் தசையறைக்குள் அழுத்தம் ஏறி, இரத்தம் ஓடாமல், சில மணி நேரத்தில் தசை மடிந்துவிடும். முன்கை முறிவுக்குப்பின் விரல்கள் மடங்கி இறுகிப்போவதை 1881-இல் ஜெர்மனியின் ஃபோல்க்மான் விவரித்தார். விரல் நீட்டும்போது தாங்க முடியாத வலி, விரல் மரத்தல், வெளிறல், வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கட்டு போட்டவர் யாராயினும் உடனே அவிழ்த்துவிட வேண்டும். மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும். விரலே மூலதனமான ஒரு தொழிலில் இந்தச் சில மணி நேரம்தான் ஒருவர் தறிக்குத் திரும்புவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

8. தறியைத் திருத்துதல்

சிகிச்சையின் கடைசி நிலை மருத்துவமனைக்கு வெளியே, தறிவீட்டில் நடப்பது. ஈரானில் சூபினேவும் உடன் ஆய்வாளர்களும் கம்பள நெசவாளரிடம் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நெசவுக் கோடு முழங்கை உயரத்திற்கு 20 செ.மீ. மேலே இருந்து, இருக்கை உயர்ந்து முன்புறம் சரிந்திருந்தால் அமரும் நிலை சீராவதைக் கண்டனர். கம்பளத் தறி செங்குத்தானது. நம் தறி கிடையானது. ஆகையால் அந்த உயர அளவை அப்படியே எடுக்கலாகாது. முன்சரிந்த இருக்கை என்னும் கருத்து நமக்கும் பொருந்தும். உட்காரும் பலகையின் பின்புறம் ஒரு மரச்சீவலைக் கொடுத்து உயர்த்தினால் இடுப்பெலும்பு முன்னுக்குத் திரும்பி, கீழ்முதுகின் வளைவு மீள்கிறது. மேலே கெட்டியான பஞ்சு மெத்தை போட்டால் உட்காருமெலும்பின் பசைப்பையும் காக்கப்படும். குழியின் ஆழம் நெசவாளரின் கால் நீளத்திற்கு ஒத்துவர வேண்டும். தந்தைக்கு வெட்டிய குழியில் உயரம் குறைந்த மருமகள் உட்காரும்போது, மிதி எட்டாமல் இடுப்பை நகர்த்தி நகர்த்தி மிதிப்பார். மிதிக்கடியில் ஒரு கட்டை வைத்தாலே அவருடைய இடுப்பு வலியில் பாதி போகும். அச்சின்மேல் நிழல் விழாத விளக்கு, குழியில் நீர் ஊறாத சிமெண்டுப் பூச்சு ஆகியவை அடுத்து வருவன.

ஜக்கார்டு மிதியின் சுமையைக் கையாலோ மருந்தாலோ குறைக்க முடியாது; மோட்டாரால் தூக்கும் ஜக்கார்டே வழி. மத்திய அரசின் ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா திட்டத்தில் புதுத் தறி, ஜக்கார்டு, துணைக்கருவிகள் ஆகியவற்றின் விலையில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. விளக்குக்கும் பணிக்கூடத்துக்கும் உதவி உண்டு. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. முழங்கால் தேய்ந்த ஒரு நெசவாளருக்காக அம்மையத்திற்கும் அவருடைய கூட்டுறவுச் சங்கத்திற்கும் மருத்துவர் எழுதும் கடிதம், மருந்துச் சீட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. நாம் அதைச் சிகிச்சைக் குறிப்பிலேயே சேர்க்கச் சொல்கிறோம்.

இந்திய மருத்துவப் படிப்பில் மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து சென்று பார்க்கும் திட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. ஏனாத்தூரைச் சுற்றிப் பயிலும் மாணவருக்கு அக்குடும்பங்களுள் ஒன்றேனும் நெசவுக் குடும்பமாக இருக்கட்டும். அங்கே போகும்போது இரத்த அழுத்தக் கருவியோடு ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். குழியின் ஆழத்தையும், உட்காரும் பலகையின் உயரத்தையும், கண்ணுக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.